மேடை முன்னே, வகுப்பு பின்னே: தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இசைக் கல்வியும் அரங்கேறும் வாய்ப்பும்

1. ஆய்வுப் பொருள்

தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பள்ளியில் படித்த பிள்ளையும் தாளைப் பார்க்காமல் பாடக்கூடிய உருப்படி ஒன்று உண்டென்றால் அது தமிழ்த்தாய் வாழ்த்து. மனோன்மணீயம் சுந்தரனார் 1891இல் வெளியிட்ட நாடகத்திலிருந்து எடுத்த பகுதி, மெட்டு எம்.எஸ். விசுவநாதனுடையது. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, முல்லைப்பாணி எனப்படும் மோகன ராகத்தில், திசிரத்தில், 55 விநாடிகளில் பாட வேண்டும் என்று வரையறுத்தது. இசைத்தட்டைப் போட்டுவிட்டு நிற்காமல், பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு பாடவைக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தப் பயிற்சியை ஒரு பள்ளிப் பிள்ளை எங்கே, யாரிடம் பெறுவது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

கேள்விக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று கற்றல்: வாரத்தில் ஒரு பீரியடாவது பாட்டுக்கென்று ஒதுக்கி, அதை நடத்தத் தெரிந்த ஒருவர் இருப்பது. மற்றது அரங்கு: கற்றதைப் பிறர் முன் பாடவும் வாசிக்கவும் இடம் கிடைப்பது. வழக்கமாக முதலாவது இரண்டாவதற்கு வழிவிடும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கடந்த சில ஆண்டுகளில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. மேடை பெரிதாக வந்துவிட்டது; வகுப்பு இன்னும் வந்து சேரவில்லை. இதனால் மேடையே கெட்டது என்று நான் வாதிடப்போவதில்லை. ஆனால் வகுப்பில்லாத மேடை யாரைத் தேர்ந்தெடுக்கும், யாரை விட்டுவிடும் என்பதைப் பார்த்தாக வேண்டும்.

2. சட்டமும் ஆசிரியரும்

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் நூறு மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளில் கலைக் கல்வி, உடற்கல்வி, பணிக் கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பேர் இவ்வாறு நியமிக்கப்பட்டனர். தொடக்கத் தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். வேலை வாரத்தில் மூன்று அரைநாள். பின்னர் ஊதியம் சில தடவை உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்தும் போராட்டம் செய்தித்தாள் வாசகருக்குப் பழகிப்போன ஒன்று.

இந்த எண்ணிக்கையை இசை ஆசிரியர் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓவியம், தையல், கணினி, தோட்டக்கலை, உடற்கல்வி எல்லாம் இதற்குள் அடக்கம். கலைக் கல்வி என்ற தலைப்பின் கீழ் ஓவிய ஆசிரியர் ஒருவர் வந்துவிட்டால் சட்டத்தின் தேவை நிறைவேறிவிடுகிறது; பாட்டுக்குத் தனியே ஆள் கேட்க வழியில்லை. இன்னொரு ஓட்டை அதைவிடப் பெரியது. ஆறு முதல் எட்டு வரை நூறு பேர் இல்லாத சிற்றூர் நடுநிலைப் பள்ளிக்கு இந்த விதி பொருந்தாது. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குக் கலைப் பயிற்றுநர் பற்றி அட்டவணை வாயே திறக்கவில்லை. காது மிகக் கூர்மையாக இருக்கும், கூச்சம் இன்னும் எட்டிப் பார்க்காத வயது அதுதான். அந்த வயதில் பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லித்தருவது பாட்டில் ஆர்வமுள்ள டீச்சர் அந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வருவதைப் பொறுத்த அதிர்ஷ்டமாகவே இருக்கிறது.

ஆள் பற்றாக்குறை என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. இசை படித்தவர்களை அரசே உருவாக்குகிறது. கலை பண்பாட்டுத் துறையின் கீழ் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் உள்ளன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் என ஏழு பிரிவுகள், மூன்றாண்டுப் படிப்பு, 12 முதல் 25 வயது வரை சேரலாம். நாதசுரம், தவில், தேவாரப் பிரிவுகளில் சேர எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும். இவற்றுக்கு மேலே சென்னை, திருவையாறு, மதுரை, கோவை ஆகிய இடங்களில் அரசு இசைக் கல்லூரிகள், அதற்கும் மேலே 2013இல் உருவான இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் இசைக்குக் கீழ்நிலை, மேல்நிலை எனத் தொழில்நுட்பத் தேர்வும் நடத்துகிறது. படித்து வெளியே வருகிறவர் ஒரு துறையில், படிக்கக் காத்திருக்கும் பிள்ளை இன்னொரு துறையில். இரண்டு துறைகளின் கோப்புகளும் ஒரே மேசையில் சந்திப்பது அரிது.

3. பள்ளிக்கு வெளியே கற்றவர்கள்

பள்ளி சொல்லித்தராவிட்டாலும் பாடத் தெரிந்த பிள்ளைகள் ஒவ்வொரு பள்ளியிலும் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் எங்கே கற்றார்கள்?

தெற்குச் சீமையில் பலருக்கு முதல் பாட்டு வகுப்பு தேவாலயப் பாடகர் குழு. ஞாயிறு பள்ளியிலிருந்தே குழுவாகப் பாடி, கிறிஸ்துமஸுக்கு முன் வீடு வீடாகக் கீதப் பவனி போய், பிறர் முன் பாடும் பயம் தெளிந்தவர்கள். மார்கழி பஜனையும், அந்த மாதத்தில் கோயில்களில் நடக்கும் திருப்பாவை, திருவெம்பாவை ஒப்பித்தல் போட்டிகளும் வேறு சிலருக்கு. நாதசுர, தவில் குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டிலேயே கற்கிறார்கள். பறையும் அப்படியே கைமாறுகிறது. ஆனால் தவிலுக்குக் கிடைத்த கல்விக்கூட மதிப்பு பறைக்குக் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. சாதிதான் காரணம் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லலாம். நகரங்களில் காசு கட்டிப் போகும் கீபோர்டு வகுப்புகள். இவை எதுவும் வாய்க்காதவர்களுக்குத் தொலைக்காட்சி. 2000களின் பிற்பகுதியிலிருந்து சிறுவர் பாட்டுப் போட்டி நிகழ்ச்சிகள்தான் ‘பாடும் பிள்ளை’ எப்படி இருக்க வேண்டும் என்ற படத்தைப் பெற்றோர் மனத்தில் வரைந்திருக்கின்றன: கையில் மைக், பின்னால் இசைக்குழு, முன்னால் நடுவர், கண்ணீர்.

அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்களை இங்கே சொல்ல வேண்டும். 5 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்கு விடுமுறை நாள்களில் பாட்டு, நடனம், ஓவியம் கற்றுத்தரும் நல்ல ஏற்பாடு. அவை பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில் இருக்கின்றன. சனிக்கிழமை காலையில் பேருந்து பிடித்து பிள்ளையை அழைத்துப்போக வீட்டில் ஒருவர் ஓய்வாக இருக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அது நடக்காது.

ஏழைப் பிள்ளைகளுக்கு இசை எட்டாது என்பதற்கு எதிர்ச் சான்று சென்னையிலேயே உண்டு. ஏ.ஆர். ரகுமான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியின் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா, வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி மேற்கத்திய நரம்பிசை கற்றுத்தந்து மேடையேற்றியது. ஆனால் அது தேர்ந்தெடுத்த சிலருக்கான அமைப்பு. அதைப் பொதுப்பள்ளிக்கு முன்மாதிரியாகக் காட்டுவது, ஒலிம்பிக் முகாமைக் காட்டி எல்லாப் பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் தேவையில்லை என்று சொல்வதில் போய் முடியும்.

4. கலைத் திருவிழாவும் அண்டை மாநிலத்துப் பாடமும்

2022–23 கல்வியாண்டில் பள்ளிக்கல்வித் துறை அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கலைத் திருவிழாவைத் தொடங்கியது. தொடக்கத்தில் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என நான்கு படிகள். முதல் இடம் பெறுவோருக்குக் கலையரசன், கலையரசி பட்டங்கள். முதலில் 6 முதல் 12 வரையிலான வகுப்புகள். பிந்தைய ஆண்டுகளில் தொடக்க வகுப்புகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. செவ்வியல் கலையோடு கிராமியக் கலைகளுக்கும் இடம் கொடுத்ததைத் தனியே பாராட்ட வேண்டும். ஊரில் சாவுக்கும் சாமிக்கும் மட்டும் அடித்த பறையை, பள்ளிச் சீருடையோடு, தலைமை ஆசிரியர் கைதட்ட அடிப்பது சின்ன விஷயமன்று.

ஆனால் போட்டிக்கு ஒரு இயல்பு உண்டு. அது ஏற்கெனவே இருக்கும் திறமையைக் கண்டெடுக்கும், இல்லாததை உண்டாக்காது. அறிவிப்பு வந்ததும் பொறுப்பாசிரியர் செய்யக்கூடியது, பாடத் தெரிந்தவர்கள் யார் என்று வகுப்பு வகுப்பாகக் கேட்பதுதான். கை தூக்குபவர்கள் மேலே சொன்ன தேவாலய, பஜனை, டியூஷன் பிள்ளைகள். பயிற்சி என்பது அவர்களுக்கு ஒரு கரோக்கி டிராக்கைப் பதிவிறக்கிக் கொடுப்பதாகச் சுருங்கிவிடும். பள்ளியளவில் தோற்ற பிள்ளைக்கு அந்த ஆண்டுக்கு மேடை முடிந்தது. இத்தனை படிகள் இருப்பதன் கணக்கு எளிது: ஒவ்வொரு படியிலும் பாடுகிறவர்கள் குறைந்து, கேட்கிறவர்கள் கூடுவார்கள்.

போட்டி வழியே எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குக் கேரளப் பள்ளிக் கலோத்சவம் முழுச் சான்று. 1957இல் எர்ணாகுளத்தில் ஒரே நாளில் முடிந்துபோன சிறிய விழாவாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டு வாய்ப்பாட்டில் முதற்பரிசு கே.ஜே. யேசுதாஸ், மிருதங்கத்தில் முதற்பரிசு பி. ஜெயச்சந்திரன். இருவரும் சேர்ந்திருக்கும் அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டியே எத்தனையோ மலையாளப் பெற்றோர் பிள்ளைகளைப் பாட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். கவிஞர் வைலோப்பிள்ளி ஸ்ரீதர மேனோனின் யோசனைப்படி வந்த தங்கக் கோப்பை 117.5 பவுன், மாவட்டங்கள் அதற்காக மல்லுக்கட்டுகின்றன. விழா நாள்களில் ஊரே கலையைப் பற்றிப் பேசுகிறது. எந்த நாட்டிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பெரிய அரங்கு அரிதாகவே கிடைக்கும்.

கூடவே வந்தவை: உடை, ஒப்பனை, தனிப் பயிற்றுநர் என்று பெருகிய செலவு, கருணை மதிப்பெண்ணுக்காகக் கலை கற்பது, நடுவர் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு, நீதிமன்றம். கலாபிரதிபா, கலாதிலகம் என்ற தனிநபர் பட்டங்கள் பூசலை வளர்த்ததால் அவற்றைக் கைவிட்டுத் தரநிலை முறைக்கு மாறினார்கள். பல பத்தாண்டு அனுபவத்துக்குப் பின் அவர்கள் விட்ட பட்டத்தைத்தான் நாம் வேறு பெயரில் கையிலெடுத்திருக்கிறோம். இது என் கருத்தில் கலைத் திருவிழாவின் பலவீனமான உறுப்பு. எடுத்துவிட்டால் விழாவுக்கு எந்தக் குறையும் வராது.

5. ஒரே அறையில் நாற்பது குரல்

வகுப்பு வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். எதை, எப்படிக் கற்பிப்பது?

கர்நாடக இசையின் பாடமுறை புரந்தரதாசர் பெயரால் வழங்குவது: மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், பிறகு கீதம், வர்ணம். ஒரு குருவின் முன் ஓரிரு பிள்ளைகள் உட்கார்ந்து பல்லாண்டு கற்பதற்கு இதைவிடச் சிறந்த படிக்கட்டு கிடையாது. நாற்பது பேர் உள்ள வகுப்பில், வாரம் ஒரு பீரியடில், அது பிள்ளைகளைச் சோர்வில் தள்ளும். ஒரு கல்வியாண்டில் விடுமுறை, தேர்வு போக முப்பது பீரியடுக்கு மேல் தேறாது. முப்பது பீரியடில் சரளி வரிசை மூன்று காலத்திலும் வந்துவிடலாம். ஒரு பாட்டுகூட வந்திருக்காது. பெற்றோர் ஆண்டு விழாவில் என்ன கேட்பார்கள்?

அடுத்தது சுருதி. ஆண் ஆசிரியர் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவார். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை சுகம். ஆசிரியர் தம் சுருதியில் பாடிக் காட்டினால் பிள்ளைகள் ஒரு ஸ்தாயி மேலே போய்ப் பற்றிக்கொள்கிறார்கள். மேல் ஷட்ஜம் வந்ததும் பாதிப் பேர் கத்துகிறார்கள், மீதிப் பேர் கீழே உறுமுகிறார்கள். “இவனுக்குக் குரல் இல்லை” என்ற தீர்ப்பு பெரும்பாலும் இங்கே, தவறான கட்டையில் எழுதப்படுகிறது. கைப்பேசியில் ஒரு சுருதிப்பெட்டிச் செயலியை ஐந்து கட்டையில் வைத்து, சுருதி சேரும் ஒரு மாணவியை முன்னால் பாடவிட்டு, மற்றவர்களைப் பின்பாட்டுப் பாடவைத்தால் சிக்கல் பாதி தீரும். பஜனைக் கூடங்கள் காலங்காலமாகச் செய்துவருவதும் அதுதான்.

பையன்களின் குரல் உடைவது ஏறத்தாழ ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குள். பகுதிநேர ஆசிரியர் விதி செயல்படும் வகுப்புகளும், போட்டி சூடுபிடிக்கும் வகுப்புகளும் அவையே. அதற்கு முன் பாடியே பழகாத பையன், குரல் உடையும் நேரத்தில் முதன்முறையாகப் பாடவைக்கப்பட்டு, சிரிப்புக்கு ஆளாகி, வாழ்நாளுக்கும் வாயை மூடிக்கொள்கிறான். தொடக்க வகுப்புகளில் இசை வேண்டும் என்பதற்கு உடலே தரும் காரணம் இது.

மாற்றுப் பாடமுறைக்கு வெகுதொலைவு போக வேண்டியதில்லை என்றாலும், ஹங்கேரியின் ஸொல்தான் கொடாய் (1882–1967) வழியை ஒரு நடை பார்ப்பது நல்லது. கருவிக்கு முன் குரல், ஏட்டுக்கு முன் காது, தாய்நாட்டு நாட்டுப்பாடல், தொடக்கத்தில் ஐந்து சுர மெட்டுகள். 1950இல் கெச்ச்கெமேட் நகரில், அன்றாடம் இசைப் பாடம் உள்ள தொடக்கப் பள்ளி இக்கொள்கையில் தொடங்கியது. எந்தச் சுருதியிலிருந்தும் தொடங்கக்கூடிய நகரும் சுரமுறையை அவர் இங்கிலாந்திலிருந்து எடுத்துக்கொண்டார். நம் சரிகமவுக்கு அந்த நகர்வு பிறவிக்குணம்.

ஐந்து சுரமும் நம் பிள்ளைகளிடம் முன்பே இருக்கிறது. தமிழ்த்தாய் வாழ்த்தின் மோகனம் ச, ரி, க, ப, த என்ற ஐந்துதான். முதல் வகுப்புப் பிள்ளைக்கும் அது தொண்டையில் படிந்துவிட்டது. அறியாத மாயாமாளவகௌளையில் தொடங்காமல், அறிந்த மோகனத்தில் தொடங்கி, “நீ தினமும் பாடுகிறாயே, அதில் இந்த இடம்தான் ‘ப’” என்று காட்டினால் முதல் பீரியடிலேயே சுரம் பிடிபடும். அதே ஐந்து சுரங்களில் ஊர்த் தாலாட்டும் கும்மியும் தேடினால் கிடைக்கும். இதற்குச் சிலப்பதிகாரத்தில் ஒரு முன்னோடிக் காட்சியே உண்டு: ஆய்ச்சியர் குரவையில் மாதரி, ஏழு ஆயர் மகளிருக்குக் குரல், துத்தம் தொடங்கி ஏழு சுரங்களின் பெயரையே இட்டு வட்டமாக நிறுத்துகிறாள். ஆளுக்கொரு சுரமாகப் பிள்ளைகளை நிறுத்திவைத்து, ஆசிரியர் கைகாட்டும் பிள்ளை தன் சுரத்தைப் பாடும் விளையாட்டை எந்தக் கிராமத்துப் பள்ளி வராந்தாவிலும் நடத்தலாம். செலவில்லை.

கூட்டாகப் பாடுவதற்குத் தமிழ்நாட்டில் ஒரு மரபும் உண்டு. எம்.பி. சீனிவாசன் (1925–1988) 1970களின் தொடக்கத்தில் நிறுவிய சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு, பாரதியின் பாடல்களைப் பல குரலிசையாக்கியது. தேர்ந்த பாடகர்கள் அல்லாதவர்களும் சேர்ந்து நின்று அழகாகப் பாட முடியும் என்று காட்டியது. தனிக்குரல் மோகம் பிடித்த நம் இசையுலகம் அவரைப் போதுமான அளவு நினைப்பதில்லை. பள்ளிக்குப் பொருந்துவது சேர்ந்திசைதான்: சுமாரான குரல் நல்ல குரலின் தோளில் கைபோட்டு நிற்கலாம், யாரும் தோற்க வேண்டியதில்லை.

6. யாழ்ப்பாணத்து வழி

இலங்கையின் பாடத்திட்டம் இந்த வகுப்புச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது. அங்கே 6 முதல் 9 வரையிலான தரங்களில் (வகுப்புகளில்) சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் போன்ற அழகியற் பாடங்களில் ஒன்றை ஒவ்வொரு மாணவரும் படித்தாக வேண்டும். சாதாரண தரம் எனப்படும் பொதுப் பரீட்சையில் அதையே பாடமாக எடுக்கலாம். எழுத்துத் தேர்வோடு செயன்முறைப் பரீட்சையும் உண்டு. பாடம் இருப்பதால் ஆசிரியர் நியமனம் உண்டு. நியமனம் இருப்பதால் 1960இல் மருதனார்மடத்தில் தொடங்கி இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இருக்கும் இராமநாதன் நிறுவனத்தில் இசை படித்தவருக்குப் போக ஓர் இடமும் உண்டு. இதற்கு இணையாக, வட இலங்கைச் சங்கீத சபை 1931 முதல் தரத் தேர்வுகளை நடத்தி, உச்சியில் கலாவித்தகர் பட்டம் தருகிறது. அரங்குக்கு, வலயத்திலிருந்து தேசியம் வரை நடக்கும் தமிழ்மொழித் தினப் போட்டிகள்.

குறையும் உண்டு. பரீட்சைக்காகப் படிக்கும் எதற்கும் நேரும் கதி இசைக்கும் நேர்கிறது: ராக லட்சணத்தை மனனம் செய்து எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அந்த ராகத்தில் நான்கு அடி தானாகப் பாட வராமல் போகலாம். நாட்டார் இசை ஓரத்தில் நிற்கிறது. ஆனாலும் ஒப்பிட்டால், அழகியற் பாடம் கட்டாயம் என்ற ஒற்றை விதி, எத்தனை போட்டிகளாலும் செய்ய முடியாத ஒன்றைச் செய்திருக்கிறது: ஆசிரியரைப் பள்ளிக்குள் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறது.

7. ஊர் மேடைகள்

மேடை என்றதும் சென்னை நேரு உள்விளையாட்டரங்கம் நினைவுக்கு வருவது பெரியவர்களின் பழக்கம். பிள்ளைக்கு முதல் மேடை அருகில் இருக்க வேண்டும். அடிக்கடி கிடைக்க வேண்டும். பரிசில்லாததாக இருக்க வேண்டும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாரம் ஒரு வகுப்பு ஒரு பாட்டுப் பாடலாம். நூலக வார விழா, கிராமசபைக் கூட்டம், குடியரசு நாள் கொடியேற்றம், ஊர்ப் பொங்கல் விழா ஆகியவற்றில் பத்து நிமிடம் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். இப்போது அந்தப் பத்து நிமிடத்தைச் சினிமாப் பாட்டுக்கு ஆடும் குழு நடனம் எடுத்துக்கொள்கிறது. பாட்டு ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது, பிள்ளைகள் வாயசைக்கிறார்கள். ஆட்டத்தின் மேல் எனக்குக் குறையில்லை. பாடும் வாய்ப்பு அதற்குள் கரைந்துபோவதைத்தான் சொல்கிறேன்.

போட்டியில்லாத மேடையை அகில இந்திய வானொலி ஒருகாலத்தில் இயல்பாகத் தந்தது. சென்னை நிலையத்தில் ‘வானொலி அண்ணா’ கூத்தபிரான் நடத்திய சிறுவர் நிகழ்ச்சிகளில் பாடிய பிள்ளைக்குக் கிடைத்தது, தன் குரல் பக்கத்து வீட்டு ரேடியோவிலும் கேட்டது என்ற மகிழ்ச்சி மட்டுமே. பள்ளிகள் இன்று ஒரு கைப்பேசியில் அதைச் செய்துவிடலாம். மாதம் ஒரு சேர்ந்திசைப் பதிவைப் பெற்றோரின் வாட்ஸாப் குழுவில் போடுவதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

துறைகளுக்கிடையே ஓர் உடன்பாடு மட்டும் தேவை. மாவட்ட இசைப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிப்பவர், பக்கத்து ஒன்றியத்தின் நான்கைந்து தொடக்கப் பள்ளிகளுக்கு வாரம் ஒரு நாள் போய்ப் பாடம் நடத்துவதைப் படிப்பின் பகுதியாக்கலாம். நாதசுரம் படிக்கும் இளைஞர் ஒருவர் கருவியோடு வகுப்பறைக்குள் வந்து, சீவாளியைக் கையில் கொடுத்து ஊதிப் பார்க்கச் சொன்னால் அந்த வகுப்பு அதை மறக்காது. அவருக்கும் கற்பித்த அனுபவம் சேரும். சீவாளியும் தவிலும் மேளக்கார வீட்டுச் சொத்து, பறை இன்னார் அடிப்பது என்ற எண்ணம் ஆறு வயதில் உருவாவதற்கு முன்பே எல்லாக் கைகளும் எல்லாக் கருவிகளையும் தொட்டுப் பார்த்திருக்கும்.

8. எதை எண்ணுவது

கலைத் திருவிழாப் பதிவுகள் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் என்னும் இணையத் தகவல் தளத்தில் ஏறுகின்றன. எந்தப் பள்ளி, எந்தப் போட்டி, யார் வென்றார் என்பது அதில் இருக்கும். ஒரு பள்ளியின் இசை நலத்தை அளக்க இந்தத் தகவல் உதவாது. மாநில அளவில் ஒரு பரிசு வாங்கிய பள்ளியில் மற்ற ஐந்நூறு பேரும் வாய் திறக்காமலே ஆண்டைக் கழித்திருக்கலாம். பரிசே வாங்காத பள்ளியில் எல்லோரும் பாடியிருக்கலாம்.

அதே தளத்தில் இன்னொரு கட்டம் சேர்ப்பது தொழில்நுட்பத்துக்குப் பெரிய வேலையில்லை: இந்தக் கல்வியாண்டில் இம்மாணவர் ஒரு தடவையாவது, தனியாகவோ குழுவாகவோ, பிறர் முன் பாடினாரா, வாசித்தாரா? ஆம், இல்லை என்ற ஒரே பதில். ஆசிரியர்களின் எமிஸ் சுமை ஏற்கெனவே அதிகம் என்பது உண்மை. அதனால் மாணவருக்கொன்றாக இல்லாமல் வகுப்புக்கொரு எண்ணாகவும் வாங்கலாம். அந்த எண் பூச்சியமாக வரும் வகுப்புகள் எந்த ஒன்றியங்களில் குவிகின்றன என்று தெரிந்தால், அடுத்த இசை ஆசிரியர் பணியிடத்தை எங்கே உருவாக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.